டை கட்டிப் போன நோயாளி

நான் ஏழு கிழமை மனநோய் வார்டில் கிடந்தேன். அந்த ஏழு கிழமையும் எங்கள் நோர்பரிச் சனத்துக்கு எனக்குச் சீனி வருத்தம். என் மனைவி மலர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். "சீனி கூடிப்போச்சு, ஆஸ்பத்திரியிலை மறிச்சு வைச்சிருக்கினம்" என்று கடையிலும் கோயிலிலும் பஸ்சிலும் ஒரே வசனம். கேட்டவர்கள் பாவம், பாவற்காயும் வெந்தயமுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் கதவைத் தட்டுவார், கையில் ஒரு பை பாவற்காய். சீனி வருத்தம் இல்லாமலே ஒரு வருசத்துக்கு மேல் பாவற்காய்க் கறி சாப்பிட்டவன் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், என் எதிரே இருந்து வடை சாப்பிட்ட ஒருவர் சொன்னார்: "உவங்கள் கை கால் சுகமாயிருந்துகொண்டு மண்டையிலை வருத்தம் எண்டு கடிதம் எடுத்துப்போட்டு சோசல் அடிக்கிறாங்கள்." சோசல் என்றால் அரசாங்கம் தரும் உதவிக்காசு. மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது வெட்கமாக வந்தது. அந்த ஆளில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஏனென்றால் அந்த வசனம் என்னுடையது. சில வருசத்துக்கு முன்பு அதே வசனத்தை அதே மாதிரி மேசைகளில் சொல்லிச் சிரிப்பு வாங்கியவன் நான்.

எண்பதுகளின் நடுவில் இங்கே வந்தேன். வந்த இரண்டாம் கிழமையே ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் ஷெட்டில் வேலை. பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். காய்ச்சலோடும் போனேன், பல்லுப் பிடுங்கிய அன்றும் போனேன். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? உழைத்துச் சாப்பிடுகிறவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சோசல் காசு எடுக்கிறவனைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இராது.

தவம் என்னோடு அதே ஷெட்டில் வேலை செய்தவன். என்னைவிட எட்டு வயது இளையவன், தனி ஆள். ஒருநாள் வேலைக்கு வராமல் விட்டான். நெஞ்சு படபடக்கிறது, வெளியே இறங்க ஏலாமல் கிடக்கிறது என்று டொக்டரிடம் கடிதம் எடுத்து பெனிபிட்டில், அதாவது சோசல் காசில், இருந்தான். ஆறேழு மாதம் கழித்து அவனைக் கோயிலில் கண்டேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றான். தட்டில் தேங்காயும் வாழைப்பழமும். நான் வரிசைக்கே கேட்கும்படி கேட்டேன்: "என்ன தவம், சாமிக்கும் சோசல் காசிலைதான் அர்ச்சனையோ?"

சிரித்தார்கள். தவம் தட்டை அப்படியே பக்கத்து மேசையில் வைத்துவிட்டுச் சப்பாத்துகள் கிடந்த பக்கம் போனான். தேங்காய் உடைபடாமல் அங்கேயே இருந்தது. நான் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரிகாலத்தில். எல்லோரும் ஊரில் நடந்த யுத்தத்தைக் காரணம் சொல்கிறார்கள். அந்த வருசம் ஊர்ச்சனம் எல்லாம் இடம்பெயர்ந்து போனது உண்மைதான், என் அம்மா எங்கே என்று ஒரு மாதம் தெரியாமல் இருந்ததும் உண்மைதான். ஆனால் அம்மா சுகமாய் இருக்கிறா என்று தகவல் வந்த பிறகுதான் எனக்கு வருத்தம் கூடியது. அதனால் காரணத்தை நான் தேடுவதில்லை. முதலில் நித்திரை போனது. விடிய நாலு மணிக்கு முழிப்பு வரும், அதோடு நெஞ்சில் ஒரு பாரம் ஏறி இருக்கும். பிறகு வாய்க்கு ருசி போனது. பிறகு யோசனை போனது. மலர் ஒரு கேள்வி கேட்டால் அது எனக்கு வந்து சேர நேரம் எடுத்தது. "காது கேக்கேல்லையோ?" என்று கத்துவாள். கேட்டது. பதிலைத்தான் எடுக்க முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷெட்டில் நான் கல்லாவில் நிற்கிறேன். வெளியே நாலாம் பம்பில் ஒரு பெண் பெற்றோல் அடிக்கக் காத்திருக்கிறாள். உள்ளே ஒரு பொத்தானை அமத்தினால்தான் பம்ப் வேலை செய்யும். பத்து வருசமாக அமத்திய பொத்தான். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. அவள் கையைக் காட்டுகிறாள், பின்னால் கார்கள் ஹோர்ன் அடிக்கின்றன, நான் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு கல்லாவுக்குக் கீழே, சிகரெட் பெட்டிகளுக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்துவிட்டேன். முதலாளி வந்து தூக்கும்வரை இருந்தேன். அன்றோடு என் உழைப்பு முடிந்தது.

எங்கள் ஏரியா டொக்டர், ஜி.பி., "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பரவாயில்லை டொக்டர்" என்றேன். நித்திரைக் குளிசை தந்தார். மூன்று கிழமையில் நான் சாப்பிடுவதை விட்டேன். குளிப்பதை விட்டேன். மலர் கட்டிலில் பக்கத்தில் இருந்து, "என்னப்பா, என்னதான் செய்யுது? வாயைத் திறந்து சொல்லுங்கோவன்" என்று அழுதாள். நான் சொன்னது இதுதானாம்: "நான் இருந்து என்ன பிரயோசனம், மலர்? நான் இல்லாட்டி உங்களுக்கு லேசு." எனக்கு அது நினைவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கே ஒரு மினிகாப் பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு மணித்தியாலம் காத்திருந்தோம். கை முறிந்தவர்கள், குடிவெறியில் விழுந்தவர்கள், இருமுகிற குழந்தைகள். எல்லோருக்கும் காட்ட ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு என்ன?" என்று இங்கிலீசில் கேட்டாள். மலர் முந்திக்கொண்டு "சுகர்" என்றாள். சீனி வருத்தம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

வார்டில் சேர்த்த பிறகு சோதனைகள். இரத்தம் எடுத்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். தைரொயிட் என்பது கழுத்தில் இருக்கும் ஒரு சுரப்பி, அது மந்தமானாலும் மனிதன் இப்படி மந்தமாவானாம். அது நன்றாக வேலை செய்தது. தலைப்படத்தில் ஒரு கட்டி இருக்க வேண்டும் என்று நான் கடவுளை மன்றாடினேன். விசர்க்கதை, பைத்தியக்காரக் கதை மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. கட்டி என்றால் ஊருக்குச் சொல்லலாம். படத்தைப் பிடித்துக் காட்டலாம். "எல்லாம் நோர்மல்" என்று வந்தபோது அந்த வார்டில் முதல்தடவையாக அழுதேன்.

என்னைப் பார்த்த டொக்டர் மதுரைப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். அவ பேசிய தமிழ் எனக்கு முதலில் விளங்கக் கஷ்டம், நான் பேசியது அவவுக்கு அதைவிடக் கஷ்டம். ஆனாலும் தமிழ்தானே. கட்டில் ஓரத்தில் வந்து இருந்து சொன்னா: "சார், இதுக்குப் பேரு டிப்ரெஷன். மனச்சோர்வுன்னு சொல்லுவோம். சோகம்னு நெனச்சுக்காதீங்க, சோகம் வேற. இது மூளையோட வேலையே மெதுவாயிடுற வியாதி. தூக்கம், பசி, யோசனை, கை கால் அசைவு எல்லாமே கொறஞ்சிடும். மாத்திரை வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும். அது வரைக்கும் ஒண்ணும் ஆகலியேன்னு விட்டுடக் கூடாது."

"சோம்பேறித்தனம் இல்லையோ டொக்டர்?" என்று கேட்டேன். என் பெரிய பயம் அதுதான்.

"சோம்பேறிக்குப் பசிக்கும் சார்" என்றா. பிறகு ஒன்று சொன்னா, அதை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். "காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வெச்சுப் பாப்போம். இதுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. நீங்க வாயத் தொறந்து சொல்றதுதான் எங்களுக்குத் தெர்மாமீட்டர். பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க, அத நம்பி நாங்க வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

நான் தலையாட்டினேன். "ஓம்" என்றேன். அடுத்த நாள் காலை அவ வந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டபோது "பரவாயில்லை" என்றேன்.

வார்ட் என்றால் சங்கிலியும் கூச்சலும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சிகரெட் மணமும் தொலைக்காட்சிச் சத்தமும்தான். இருபத்துநாலு மணித்தியாலமும் கால்மணிக்கு ஒருதடவை ஒரு நேர்ஸ் வந்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்து ஒரு தாளில் சரி போடுவாள். என் பக்கத்துக் கட்டில் ரோய், ஜமெய்க்கா ஆள், முன்பு பஸ் ஓடியவர். அவர் தினமும் ஓய்வறையில் கிடக்கும் பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். உழைக்கிற சனத்தின் வரியில் படுத்துக் கிடந்து தின்கிறவர்கள் என்று பெரிய எழுத்தில் ஒரு செய்தி. ரோய் வாசித்து முடித்து, அங்கே போர்வையோடு இருந்த ஆறு பேரையும் பார்த்து, "எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்தப் பேப்பர்க்காரனில் கோபம் வரவில்லை. அவன் சொல்வது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மலர் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். இடியப்பமும் சொதியும் சாப்பாட்டுக் கரியரில் இருக்கும். நான் நாலு வாய் சாப்பிட்டால் அவள் முகம் மாறும், அதற்காகவே நாலு வாய் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் என் தாடியைப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. ரேசர் நோயாளியின் கையில் கொடுக்க மாட்டார்கள். நேர்ஸின் அறையில் பூட்டி இருக்கும், ஒரு நேர்ஸ் பக்கத்தில் நின்றால்தான் சேவ் எடுக்கலாம். நேர்ஸ் நின்றாள். ஆனால் என் கை எழும்பவில்லை. நோவு இல்லை, பலவீனமும் இல்லை. கையைத் தூக்கு என்ற கட்டளை கைக்குப் போகவில்லை. மலர் ரேசரை வாங்கினாள். என் நாடியை, மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "கன்னத்தை உப்புங்கோ" என்றாள். நான் உள்ளுக்குள் இருந்து நாக்கால் கன்னத்தைத் தள்ளிக் கொடுத்தேன். பதினாறு வருசம் கலியாணம் கட்டி வாழ்ந்தவர்கள், இது முதல்தடவை. காதடியில் வெட்டிப்போட்டாள். "ஐயோ" என்று தன் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். அன்றிலிருந்து அது அவள் வேலையானது.

ஐந்தாம் கிழமை தவம் வந்தான். யார் சொன்னது என்று தெரியாது. மலரின் சீனிக் கதையை அவன் கேட்டிருப்பான், கேட்டவுடன் பிடித்திருப்பான், ஏனென்றால் அவனும் ஒருகாலத்தில் இதே வார்டில் கிடந்தவனாம். அதுகூட எனக்குத் தெரியாது. பாவற்காய் கொண்டுவரவில்லை. ஒரு பைக்கற் மாரி பிஸ்கட். என் பக்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் ஜன்னலைப் பார்த்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. கோயிலில் சொன்னதைப் பற்றிக் கதைக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

போகும்போது சொன்னான்: "அண்ணை, வீட்டை போனாப்பிறகு பெனிபிட் ஒபிசிலை இருந்து மெடிக்கலுக்குக் கூப்பிடுவாங்கள். அண்டைக்கு வடிவாய் உடுத்து வெளிக்கிட்டுக்கொண்டு போகாதையுங்கோ. சேவ் எடுக்காதையுங்கோ. இருக்கிறபடி போங்கோ."

அவன் போன பிறகு மலர் கோபப்பட்டாள். "பாத்தியளே, கள்ளப்பழக்கத்தை! இப்பிடித்தான் ஏமாத்திறது." நானும் அதையே நினைத்தேன். மாரி பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். குளிசை, மாதம் ஒருதடவை கிளினிக். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, காலை பத்து மணிக்கு மலர் எழுப்பி, குளிக்க வார்த்து, சேவ் எடுத்து, ஜன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு, ஒரு துப்புரவுக் கொம்பனிக்கு வேலைக்குப் போவாள். பின்னேரம் வரும்போது நான் அதே கதிரையில் இருப்பேன். அப்படி எட்டு மாதம். எனக்குக் கிடைத்த பெனிபிட் காசும் அவள் சம்பளமும்தான் வீட்டு வாடகை. இதற்குள் மெடிக்கல் கடிதம் வந்தது. நான் உண்மையில் வேலை செய்ய ஏலாதவனா என்று அவர்களுடைய டொக்டர் பார்ப்பாராம்.

மலர் அன்று விடிய எழும்பி என் வெள்ளைச் சேர்ட்டை அயர்ன் பண்ணினாள். எங்கள் கலியாண ரிசெப்சனுக்குக் கட்டிய நீல டை. கோட். பெரிய மனிதரைப் பார்க்கப் போகும்போது கசங்கிய உடுப்போடு போவது அவரை அவமதிப்பது என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதோடு இன்னொன்றும் இருந்தது: தவம் சொன்ன மாதிரிப் போனால் நாங்களும் அவன் ஆளாகிவிடுவோம். "நாங்கள் கள்ளர் இல்லை, அப்பா. நேராய்ப் போவம்" என்று சொல்லி, நாடியைப் பிடித்து, வழக்கத்தைவிடக் கவனமாகச் சேவ் எடுத்தாள். நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளை.

மொழிபெயர்க்க மாஸ்டர் வந்தார். ஊரில் படிப்பித்தவர், எழுபது வயது, எங்கள் பக்கத்துச் சனத்துக்கு லோயரிடம், கவுன்சிலிடம், ஆஸ்பத்திரியில் எங்கே கதைக்க வேண்டுமென்றாலும் அவர்தான். அவருக்கு மட்டும் மலர் உண்மையைச் சொல்லியிருந்தாள். "பயப்பிடாதை பிள்ளை. என்ரை வாயாலை வெளியாலை போகாது" என்று தலையில் கைவைத்துச் சொன்னார். அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். டொக்டருக்கும் சொல்லவில்லை.

பெற்றோல் ஷெட்டில் பத்து வருசம் நின்றவனுக்கு இங்கிலீஷ் கதைக்கத்தான் கஷ்டம், கேட்டால் விளங்கும். டொக்டர் கேட்டார், காலையில் எப்படி இருக்கும் என்று. நான் தமிழில், "முழிப்பு வந்தவுடனை ஏன் விடிஞ்சது எண்டு இருக்கும்" என்றேன். மாஸ்டர் "அவருக்குக் காலையில் கொஞ்சம் களைப்பு" என்று இங்கிலீசில் சொன்னார். சாக வேண்டும் என்று எண்ணம் வந்ததா என்று டொக்டர் கேட்டார். மாஸ்டர் அதை எனக்கு மொழிபெயர்க்கவே இல்லை. "இல்லை, இவர் கடவுள் பக்தி உள்ளவர்" என்றார். தானாகச் சேவ் எடுத்து உடுத்துவாரா என்று டொக்டர் கேட்டார். "நிச்சயமாக. நல்ல குடும்பத்து ஆள்" என்றார் மாஸ்டர்.

நான் ஏன் திருத்தவில்லை? எழுபது வயது மாஸ்டரை, ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால், பிழை என்று சொல்வதா? அது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம். மாஸ்டரின் வாயில் இருந்த அந்த ஆள் நல்ல ஆளாக இருந்தான். அரை மணித்தியாலம் அந்த ஆளாக இருக்க எனக்கு ஆசையாக இருந்தது. கடைசியில் டொக்டர் எழும்பிக் கை தந்து, "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "ஃபைன், தாங்க் யூ" என்றேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. நான் வேலை செய்யத் தகுதியானவன். பெனிபிட் நிற்கிறது. இலவசமாக வழக்குப் பார்க்கும் ஒரு சட்ட நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மேன்முறையீடு போட்டாள். டொக்டரின் அறிக்கையையும் எடுப்பித்து வாசித்துக் காட்டினாள். நேர்த்தியான உடை. டை அணிந்திருந்தார். முகம் சுத்தமாகச் சவரம் செய்யப்பட்டிருந்தது. தன்னைத் தானே நன்கு பராமரிக்கிறார்.

மலர் அதைக் கேட்டு வாயைப் பொத்தினாள். "நான்தானே" என்றாள். "நான்தானே அப்பா உங்களைக் கெடுத்தது."

நான் திரும்பக் கட்டிலில் விழுந்தேன். ஒரு சர்க்கார் கடிதமே நான் சுகமானவன் என்று சொல்கிறது, அப்படியானால் கிடப்பது சோம்பேறித்தனம்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். கோயில் வரிசையில் தவத்தைக் கேட்ட அதே குரல். கிளினிக்கில் குளிசையைக் கூட்டினார்கள். மதுரை டொக்டர் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டா.

மேன்முறையீட்டு விசாரணைக்கு நாலு மாதம் எடுத்தது. அன்று காலை மலர் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? திரும்பவும் சேர்ட்டை அயர்ன் பண்ணினாள். சேவ் எடுத்தாள். டை கட்டினாள். "வழக்குக் கோடு மாதிரி ஒரு இடம். ஊத்தையாய்ப் போக எனக்கு மனம் வருகுதில்லை" என்றாள். சட்ட நிலையத்துப் பெண் வாசலில் என்னைக் கண்டு கண்ணை மூடித் திறந்தாள். மாஸ்டரும் வந்திருந்தார். ஒருதடவை கூப்பிட்ட மாஸ்டரை வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இன்றைக்கும் மிக நேர்த்தியாக வந்திருக்கிறீர்கள். டொக்டரும் அதையே எழுதியிருக்கிறார். உடுப்பதும் சவரம் செய்வதும் உங்களுக்குச் சிரமமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நேர்த்தியாய் இருக்கிறீராம்" என்றார், அவ்வளவுதான். பிறகு அவர் பக்கம் திரும்பி "யெஸ் சேர்" என்றார்.

"நோ" என்று ஒரு சத்தம். மலர் எழும்பி நின்றாள். அவள் வெளியிடத்தில் இங்கிலீஷ் கதைத்து நான் கேட்டதில்லை. கடையில்கூட விரலால் காட்டுவாள்.

மாஸ்டர், "இரு பிள்ளை, நான் சொல்லுறன்" என்றார்.

"நீங்கள் சொல்ல மாட்டியள் மாஸ்டர்" என்றாள் தமிழில். பிறகு அவர்களைப் பார்த்து, சொல் சொல்லாகப் பொறுக்கி இங்கிலீசில் சொன்னாள்: "ஐ ஷேவ். நொட் ஹிம். மீ. எவ்ரி டே. ஐ வோஷ். ஐ புட் ஷேர்ட். ஐ புட் டை. ஹீ சிட். ஐ கோ வேர்க், ஐ கம், ஹீ சிட்." கையை மாஸ்டர் பக்கம் நீட்டினாள். "ஹீ டோன்ட் வோன்ட் லிவ். தட் மேன் நொட் டெல் யூ. மை ஹஸ்பன்ட் நொட் டெல் யூ. ஐ டெல்."

தலைவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். தன்னை நம்பவில்லை என்று மலர் நினைத்திருக்க வேண்டும். என் கதிரைக்கு வந்தாள். என் நாடியைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கையில் ரேசர் இல்லை, வெறும் விரல்தான். அந்த மூன்று பேரும் பார்க்கிறார்கள், மாஸ்டர் பார்க்கிறார், எனக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் அவள் கை பட்டதும் என் கண் தானாக மூடியது. நாக்கு உள்ளிருந்து கன்னத்தைத் தள்ளிக் கொடுத்தது. அவள் விரல் மற்றப் பக்கம் போக, நாக்கும் மற்றப் பக்கம் போனது. மேலுதட்டுக்கு வந்தபோது உதட்டை இழுத்துக் கொடுத்தேன். ஒரு வருசத்துக்கு மேல் பழகியது அல்லவா. கண்ணைத் திறந்தபோது தலைவர் பேனையை மூடி வைத்திருந்தார்.

பெனிபிட்டைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அங்கேயே தீர்ப்புச் சொன்னார்கள். வெளியே பஸ் தரிப்பில் மாஸ்டர் தளர்ந்துபோய் நின்றார். "பிள்ளை, உங்கடை மானம் போகக்கூடாது எண்டுதான் நான்... உங்கடை மகளுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேணும். இது என்னோடை இருக்கும்" என்றார். பொய்யில்லை, அவர் அந்த எண்ணத்தில்தான் செய்தார்.

மலர் சொன்னாள்: "இருக்க வேண்டாம் மாஸ்டர். சீனி, சீனி எண்டு சொல்லி எனக்குக் களைச்சுப் போச்சு."

அடுத்த நாள் நோர்பரிக் கடையில், "அண்ணைக்குச் சீனி எப்பிடி?" என்று கேட்டவளிடம், "சீனி ஒண்டும் இல்லை. மனவருத்தம். விசர் ஆஸ்பத்திரியிலைதான் ஏழு கிழமை கிடந்தவர். இப்ப பெனிபிட்டிலை இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பாவற்காய் வரவில்லை. அடுத்த சனியும் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை கதவு தட்டியது. தவம், கையில் மாரி பிஸ்கட். மலர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு, "தவம், அண்டைக்குக் கோயிலிலை நான்..." என்று தொடங்கினேன்.

அவன் என் கோப்பையைக் கிட்டத் தள்ளி வைத்தான்.

"ஆறப்போகுது அண்ணை. குடியுங்கோ."